முறிகண்டிக் கச்சானும் மிர்பூர்ப் பிள்ளைகளும்

இலங்கையின் வடக்கே ஏ9 வீதியில் போகிற வாகனங்களில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவது குறைவு. இறங்கி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டு திரும்பி ஏறும்போது கையில் ஒரு கச்சான் சரை இருக்கும். தாச்சியில் மணலோடு புரட்டி வறுத்த சூடு கடதாசியைத் தாண்டி உள்ளங்கையில் சுடும். தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: எங்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை. வெறுமனே கடலை என்றால் அது கொண்டைக்கடலை. இந்த இரண்டும் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும், குழம்பக்கூடாது.

வன்னியில் கச்சான் விளையாத பக்கம் குறைவு. முல்லைத்தீவுப் பக்கத்து மணல் கலந்த செம்மண்ணுக்கு அது நன்றாக வரும். ஆனால் விளைகிற ஊரிலேயே அது கோயில் திருவிழாவுக்கும் பஸ் பயணத்துக்கும் உரிய கொறிப்பு. சாப்பாடு என்று யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குச் சாப்பாடு என்று சொன்னால் அம்மம்மாமார் அடிக்க வருவார்கள்.

2021இல் நியூ இங்லண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. பங்களாதேஷின் டாக்கா நகரில் மிர்பூர் என்ற நெரிசலான ஏழைக் குடியிருப்பில், 12 முதல் 18 மாத வயதுடைய, மந்தபோசணையால் மெலிந்த 123 பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஒரு மாக்கலவை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வழமையான ஊட்டக் கலவை, மற்றவர்களுக்குப் புதியது. புதியதில் இருந்தவை கடலை மா, சோயா மா, கச்சான், வாழைக்காய், அதோடு கொஞ்சம் சீனி, எண்ணெய், விற்றமின்களும் கனிமங்களும். புதியதைச் சாப்பிட்ட பிள்ளைகள் கூடுதலாக நிறை போட்டார்கள்.

இதில் என்ன புதினம் என்று கேட்கலாம். புதினம் அந்தக் கலவையைத் தெரிவுசெய்த விதத்தில் இருக்கிறது. அதைத் தெரிவுசெய்யும்போது முதலில் பார்த்தது பிள்ளையின் வாயை அல்ல, பிள்ளையின் குடலுக்குள் குடியிருக்கும் பக்டீரியாக்களை. அவற்றுக்கு எது பசியோ அதைக் கண்டுபிடித்து, அதைப் பிள்ளைக்கு ஊட்டினார்கள். இந்த யோசனைக்குப் பின்னால் இருப்பவர் ஜெஃப்ரி கோர்டன். அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறவர், குடல் நோய் வைத்தியராகப் பயின்றவர். டாக்காவில் அவரோடு கூட நின்றவர் தஹ்மீத் அஹ்மத். அவருடைய நிறுவனம் ஐசிடிடிஆர்,பி என்ற வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையம். வயிற்றோட்டத்துக்கு இன்று உலகமே குடிக்கும் உப்புச் சீனிக் கரைசலை வைத்தியத்துக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு அந்த இடத்துக்கு உண்டு. ஜீவனி பைக்கற்றைக் கிழித்துத் தண்ணீரில் கரைக்கிற ஒவ்வொரு வன்னித் தாயும் ஏற்கெனவே டாக்காவுக்குக் கடன்பட்டவள்தான்.

கோர்டனின் கதை எலிகளில் தொடங்குகிறது. சாதாரண எலிகள் அல்ல, கிருமியே இல்லாத எலிகள். பிறந்ததில் இருந்து பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், வடிகட்டிய காற்றில், கிருமி நீக்கிய தீனியில் வளர்பவை. உடம்பில் ஒரு பக்டீரியாவும் கிடையாது. அப்படிப்பட்ட எலிக்குள் நமக்கு வேண்டிய பக்டீரியாவை மட்டும் விட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வெறுங்காணியில் ஒரேயொரு பயிரை விதைத்துப் பார்க்கிற மாதிரி. 2004இல் அவருடைய ஆய்வுகூடம் இந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பக்டீரியாக்களைக் கொடுத்தது. 14 நாளில் எலிகளின் உடற்கொழுப்பு 60 வீதம் ஏறியது. அவை முன்னரைவிடக் குறைவாகவே தின்றன என்பதுதான் வேடிக்கை. அதாவது, தின்ற தீனியில் இருந்து எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பதை உள்ளே குடியிருப்பவர்களும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள்.

இதற்கு ஒரு காரணம் எளிமையானது. மாப்பொருளில் ஒரு பகுதியையும் சில சீனிகளையும் தவிர, மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள சிக்கலான நார்களை உடைக்கும் நொதியங்கள் எங்கள் மரபணுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். குடலில் வாழும் ஒரே ஒரு வகைப் பக்டீரியாவிடம் அப்படிப்பட்ட நொதியங்கள் இருநூறுக்கு மேல் உண்டு. எங்களால் முடியாததை அவை உடைத்து, மிச்சமாகச் சில அமிலங்களை விடுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அந்த மிச்சம்தான் முக்கிய எரிபொருள்.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதக் கலம் ஒன்றுக்குப் பத்துப் பக்டீரியா என்று பாடசாலையில் படித்தோம், படிப்பித்தும் இருக்கிறோம். 2016இல் இஸ்ரேலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்றே வந்தது: 30 ட்ரில்லியன் மனிதக் கலங்கள், 38 ட்ரில்லியன் பக்டீரியாக்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் கிட்டத்தட்ட 200 கிராம். ஒரு நடுத்தர மாம்பழத்தின் நிறை. பழைய கணக்கு இன்னும் யூடியூப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைவிடுவோம்.

முதலில் கோர்டன் பார்த்தது கொழுத்தவர்களை. கொழுத்த எலியின் பக்டீரியாக்களை வாங்கிய எலி கூடுதலாகக் கொழுத்தது. இது வந்ததும் பணக்கார நாடுகளில் தயிர்ப் போத்தல் விற்கிற கம்பனிகள் எல்லாம் குதித்தன. ஆனால் எனக்கு இந்த மனிதரில் பிடித்தது, அவர் அங்கே நிற்கவில்லை என்பதுதான். அதே கேள்வியைத் தலைகீழாகப் புரட்டினார். சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாத பிள்ளைகளின் குடலில் யார் இருக்கிறார்கள்?

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: சவலை. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்து, தாய்ப்பால் நின்று, வாடிப்போகிற பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்பார்கள். ஆபிரிக்காவில் கானா நாட்டுக் கா மொழியிலும் கிட்டத்தட்ட இதே பொருளில் ஒரு சொல் உண்டு: குவாஷியோர்கோர். புதிய பிள்ளை வந்ததும் இடம் பறிபோன மூத்த பிள்ளைக்கு வரும் வருத்தம். 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் அந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். கால் வீங்கும், வயிறு உப்பும், தலைமயிர் செம்பட்டையாகும். புரதம் போதாமல் வருவது என்று நீண்டகாலம் நம்பினார்கள்.

கோர்டனின் குழு மலாவி நாட்டில் 317 சோடி இரட்டைப் பிள்ளைகளைப் பிறந்ததில் இருந்து மூன்று வயது வரை தொடர்ந்து பார்த்தது. இரட்டைப் பிள்ளைகள் ஏன்? ஒரே தாய், ஒரே குடிசை, ஒரே பானைச் சோளக்களி. சாப்பாடுதான் முழுக் காரணம் என்றால் இரண்டும் மெலிய வேண்டும், அல்லது இரண்டும் தப்ப வேண்டும். பாதிச் சோடிகளில் இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருந்தார்கள். 7 வீதத்தில் இரண்டும் மெலிந்தன. மீதி 43 வீதத்தில் ஒன்று வாட, மற்றது வளர்ந்தது.

அந்த வாடிய பிள்ளையின் மலத்தில் இருந்த பக்டீரியாக்களைக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். கூடவே மலாவிச் சாப்பாடும் கொடுத்தார்கள். எலிகள் கடகடவென்று மெலிந்தன. நல்லாயிருந்த இரட்டையின் பக்டீரியாக்களைப் பெற்ற எலிகள், அதே சாப்பாட்டில், அவ்வளவுக்கு மெலியவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் கச்சான் பசையில் பால்மா, எண்ணெய், சீனி சேர்த்த சிகிச்சை உணவைக் கொடுத்தார்கள். வாடிய எலிகள் தேறின. அதை நிறுத்திப் பழைய சாப்பாட்டுக்குத் திருப்பியதும் நன்மை கழன்றுபோகத் தொடங்கியது. 2013இல் வந்த இந்த முடிவு பல வைத்தியர்களுக்கு ஒரு பழைய எரிச்சலை விளக்கியது. வைத்தியசாலையில் தேற்றி அனுப்புகிற பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சில மாதத்தில் திரும்பி வருகிறதே, ஏன்? சாப்பாட்டை மட்டும் சொல்லவும் முடியாது, பக்டீரியாவை மட்டும் சொல்லவும் முடியாது. இரண்டும் ஒன்றுசேர்ந்தே பிள்ளையை வீழ்த்துகின்றன.

இனி நடுவில் உள்ள முக்கியமான யோசனை. போன மாசியில் தங்கச்சியோடு விசுவமடுப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். பொதுநோக்கு மண்டபத்து வளையில் தராசு தொங்கும். காற்சட்டை மாதிரித் தைத்த துணிக்குள் பிள்ளையின் கால்களை விட்டுத் தராசுக் கொளுக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடி ஓயும்வரைக்கும் பிள்ளை வீறிடும், தாய் கையை விரித்துக்கொண்டு கீழே நிற்பாள். என் மருமகனுக்கு அப்போது 14 மாதம். குடும்பநல உத்தியோகத்தர், எல்லாருக்கும் அவர் "மிஸ்" தான், அட்டையில் புள்ளி வைத்துக் கோடு கீறினார். பச்சையில் ஏறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது.

"ரெண்டு மாசமா ஏறேல்லையே. என்ன குடுக்கிறனீங்கள்?"

"சோறும் பருப்பும்தான் மிஸ். காலமையில பிஸ்கட்டைத் தேத்தண்ணியில நனைச்சுக் குடுப்பன்."

அந்த அட்டையில் பிள்ளையின் வயது கீழே ஓடும், நிறை மேலே ஏறும். இதே மாதிரி ஓர் அட்டையைக் கோர்டனின் குழு பக்டீரியாக்களுக்குப் போட்டது. டாக்காவில் நன்றாக வளர்கிற பிள்ளைகளின் மலத்தை மாதாமாதம் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் மாதங்களில் தாய்ப்பாலை நம்பி வாழும் வகைகள் ஆட்சி செய்கின்றன. தாய்ப்பாலில் பிள்ளையால் சமிக்கவே முடியாத ஒரு வகைச் சீனிக் கோவை இருக்கிறது. பாலின் திண்பொருளில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்த மூன்றாம் இடம் அதற்கு. பிள்ளைக்குப் பயனில்லாத ஒன்றைத் தாயின் உடம்பு ஏன் இவ்வளவு செலவழித்துச் செய்கிறது? அது பிள்ளைக்கல்ல, பிள்ளையின் குடலில் உள்ள பிஃபிடோ பக்டீரியாக்களுக்கான பங்கு. பிறகு பல் முளைக்கும், எங்கள் வீடுகளில் பல்லுக்கொழுக்கட்டையைத் தலையில் கொட்டுவோம், சோறு தீத்துவோம். உள்ளேயும் புதுச் சாப்பாட்டுக்குப் புது ஆட்கள் வந்து இடம் பிடிப்பார்கள். எந்த மாதத்தில் எந்த வகை வரவேண்டும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 24 வகைகளைப் பார்த்தால் போதும், ஒரு பிள்ளையின் மலத்தில் இருந்து அதன் "நுண்ணுயிர் வயதை" மட்டுக்கட்டலாம்.

கடுமையாக மெலிந்த பிள்ளைகளில் அந்த வயது உண்மையான வயதைவிடப் பின்தங்கி நின்றது. ஒன்றரை வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் கைக்குழந்தையின் பக்டீரியாக்கள். சிகிச்சை உணவு கொடுத்தபோது அவை கொஞ்சம் முதிர்ந்தன, முழுதாக முதிரவில்லை. 2014இல் இதை வெளியிட்டார்கள். பின்தங்கிய பக்டீரியாக்கள் மெலிவின் விளைவா, காரணமா என்ற கேள்வி இயல்பாக வரும். 2016இல் எலிகளில் பார்த்தபோது, மெலிந்த பிள்ளையின் பக்டீரியாக்களை வாங்கிய எலிகளின் நிறையும் எலும்பும் ஒழுங்காக வளரவில்லை. அதற்குள் குறிப்பிட்ட இரண்டு வகைகளைச் சேர்த்துவிட்டதும் வளர்ச்சி திரும்பியது. எலியில் வந்தது எல்லாம் பிள்ளையில் வராது. ஆனாலும் இது காரணப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல அது போதும்.

சரி, பின்தங்கிய பக்டீரியாக்களை வளர்த்தெடுப்பது எப்படி? மாத்திரையில் அடைத்து விழுங்க வைக்கலாம். ஆனால் கோர்டன் குழு அதைச் செய்யாமல் சந்தைக்குப் போனது. மிர்பூர்த் தாய்மார் பிள்ளைக்கு வழமையாக ஊட்டுகிறவற்றை ஒவ்வொன்றாக, மெலிந்த பிள்ளைகளின் பக்டீரியாக்களைச் சுமந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு பன்றிக் குட்டிகளிலும் பார்த்தார்கள். எந்தச் சாப்பாடு குறைவாக உள்ள அந்த நல்ல வகைகளைப் பெருக்குகிறது? தேறி வந்தவைதான் கடலை, சோயா, கச்சான், வாழைக்காய். ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து பிள்ளைகளில் ஒரு மாதம் சோதித்து, ஒரு கலவையைத் தெரிந்தெடுத்தார்கள். எம்டிசிஎஃப்-2 என்று பெயர். விஞ்ஞானிகளுக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்பதற்கு இன்னொரு சான்று.

2021 பரிசோதனையில் இதற்குப் போட்டியாக நின்ற வழமையான கலவையில் என்ன இருந்தது தெரியுமா? அரிசியும் பருப்பும் பால்மாவும். என் தங்கச்சியின் பதில் ஞாபகம் வருகிறதா? அதுவும் புதுக் கலவையைவிடக் கலோரி கூடியது. ஒரு நாளுக்கு 247 கலோரி, புதியது 204. கலோரிதான் எல்லாம் என்றால் அரிசிக் கலவை வென்றிருக்க வேண்டும். உயரத்துக்கேற்ற நிறையில் புதுக் கலவை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஏற்றியது. இரத்தத்தில் எலும்பு வளர்ச்சியோடும் மூளை விருத்தியோடும் தொடர்புள்ளவை உட்பட 70 புரதங்களின் அளவு நிறை ஏறுவதோடு சேர்ந்து மாறியிருந்தது. 21 வகைப் பக்டீரியாக்களும் கூடவே பெருகின. இரண்டு மடங்கு என்றதும் பெரிதாகத் தெரியும், உண்மையில் இரண்டுமே சிறிய ஏற்றங்கள். மூன்று மாதத்தில் மெலிந்த பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிடவில்லை.

ஏன் வேலை செய்கிறது என்பதை 2024 தொடக்கத்தில் நேச்சர் சஞ்சிகையில் விளக்கினார்கள். கச்சானிலும் கடலையிலும் வாழைக்காயிலும் உள்ள குறிப்பிட்ட சிக்கலான சீனிச் சங்கிலிகளை உடைக்கத் தெரிந்த மரபணுக்கள் பிரெவொட்டெல்லா கொப்ரி என்ற பக்டீரியாவின் சில குலங்களிடம் இருக்கின்றன. அந்தக் குலங்கள் உஷாரான பிள்ளைகளே நன்றாக நிறை போட்டார்கள். பூட்டும் சாவியும் பொருந்திய மாதிரி. வாழைக்காய்க்கு டாக்காவில் இதற்கு முந்திய கதையும் உண்டு. 2001இலேயே, நாட்கணக்கில் நிற்காத வயிற்றோட்டத்துக்கு அவித்து மசித்த வாழைக்காய் பிள்ளைகளில் உதவுகிறது என்று அங்கே காட்டியிருந்தார்கள். பழுக்காத காயின் மா சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் பக்டீரியாவுக்குத் தீனியாகும். பழுத்தால் அது சீனியாகிவிடும், பக்டீரியாவுக்குப் பங்கு போகாது.

என் கண்ணில் பட்ட இன்னொன்று: வென்ற கலவையில் பால்மா இல்லை. 2021, 2022இல் ஒரு பைக்கற் பால்மாவுக்காக எத்தனை பேர் கடைவாசலில் நின்றோம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பிள்ளை வளரப் பால்மா இல்லாமல் ஆகாது என்று எங்களை நம்பவைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் "எங்கடை ஆட்கள் அப்பவே சத்துமா இடிச்சுக் குடுத்தவை" என்று தொடங்குவார்கள். சத்துமா நல்ல சாப்பாடுதான். வறுத்த அரிசி, பயறு, உழுந்து, கடலை, சில வீடுகளில் கச்சானும் போடுவார்கள். ஆனால் மிர்பூரில் வென்றது ஒரு குறிப்பிட்ட அளவுக் கலவை, விற்றமின் சேர்த்தது, பரிசோதித்தது. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காகச் சத்துமாவுக்கு அந்தச் சான்றிதழைக் கொடுக்க முடியாது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவும் சோளமும் சோயாவும் சேர்ந்தது, 1973இல் தொடங்கியது. கலவை உணவு என்ற யோசனை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. பக்டீரியாக்களையும் கேட்டுக் கலப்பதுதான் புதிது.

கச்சானில் ஒரு பெரிய வில்லங்கமும் இருக்கிறது. பிடுங்கிய கச்சான் சரியாகக் காயாமல் மழையில் அகப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் விடுகிற அஃப்லாடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. சாதாரண வறுவலில் அது முற்றாக அழியாது. முற்றத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டிருக்கும்போது மழை இருட்டினால் வீடே ஓடிப்போய் வாருகிறதே, அது விலைக்காக மட்டுமல்ல. கறுத்த, சுருங்கிய, கசக்கிற பருப்பை எறிந்துவிட வேண்டும். கோழிக்கும் போடக்கூடாது.

தண்ணீரும் மலசலகூடமும் சரியானால் பிள்ளை தானாக வளரும் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. அழுக்குச் சூழலில் குடல் ஓயாமல் கிருமியோடு மல்லுக்கட்டி, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற மடிப்புகள் தட்டையாகிப்போகின்றன என்பது உண்மை. ஆனால் பங்களாதேஷிலும் கென்யாவிலும் செய்து 2018இல் வெளிவந்த பெரிய பரிசோதனைகளில், மலசலகூடமும் கைகழுவலும் மட்டும் பிள்ளைகளின் உயரத்தைக் கூட்டவில்லை. ஊட்ட உணவு கொடுத்த இடங்களில்தான் கொஞ்சம் கூடியது. கிணற்றை மூடிவைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றோட்டம் பங்களாதேஷில் குறைந்ததே. வளர்ச்சிக்கு அது தனியாகப் போதாது, அவ்வளவுதான்.

தேவையில்லாத அன்ரிபயோட்டிக் பற்றியும் ஒரு வரி சொல்லவேண்டும். தடிமனுக்கும் சளிக்கும் பார்மசியில் கேட்டு வாங்கிப் பருக்குகிற மருந்து, பிள்ளையின் குடலில் மாதக்கணக்காகக் குடியேறியவர்களையும் சேர்த்தே துடைத்துவிடும். வைரசால் வரும் தடிமனை அது தொடாது.

அடுத்த மாதக் கிளினிக்குக்கும் தங்கச்சியோடு போனேன். கோடு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. திரிபோஷாப் பைக்கற்றை வாங்கிக்கொண்டு எழும்பும்போது தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வீட்டில் இதெல்லாம் அலம்பியிருந்தேனே.

"மிஸ், அண்ணா சொல்லுறார் பிள்ளைக்குக் கச்சான் குடுக்கலாமாம். குடுக்கலாமோ?"

மிஸ் அட்டையில் திகதி எழுதிக்கொண்டே சொன்னார்: "முழுசாக் குடுத்துடாதேங்கோ, தொண்டையில சிக்கும். நல்லாக் காய்ஞ்ச கச்சானா எடுத்து, வறுத்து, பொடிச்சு, முதல்ல ஒரு சொட்டுக் குடுத்துப் பாருங்கோ. தடிப்புக் கிடிப்பு வந்தா நிப்பாட்டிப்போட்டு உடனே கொண்டு வாங்கோ. ஒண்டும் இல்லையெண்டா கஞ்சிக்குள்ள கலந்து தீத்துங்கோ. வாழைக்காய் வீட்டில நிக்குதோ?"

"ரெண்டு குலை நிக்குது மிஸ். சந்தைக்குக் குடுக்கவெண்டு வைச்சிருக்கு."

"ஒரு சீப்பை வெட்டி வையுங்கோ."